லினக்ஸில் ஜாவா புரோகிராம்கள்: பேக்கேஜுக்குள் நடப்பது என்ன?

புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் டெபியன் அல்லது உபுண்டு லினக்ஸ் போட்டிருக்கிறீர்கள். வீட்டு பிளான் வரைந்து பார்க்க ஸ்வீட் ஹோம் 3டி என்ற இலவச சாஃப்ட்வேர் நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்கிறார்கள். அதைப் பெற இரண்டு வழிகள் உண்டு. அந்த சாஃப்ட்வேரின் வெப்சைட்டுக்குப் போனால் ஒரே ஒரு பெரிய ஃபைலாக டவுன்லோடு செய்து கொள்ளலாம். அல்லது சினாப்டிக் பேக்கேஜ் மேனேஜரைத் திறந்து, பெயரைத் தேடி, டிக் செய்து இன்ஸ்டால் செய்யலாம்.

இரண்டாவது வழியில் போகிறவர்களுக்கு ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். ஒரு சாஃப்ட்வேரைத்தான் கேட்டோம். ஆனால் இவற்றையும் சேர்த்து இன்ஸ்டால் செய்யவா என்று ஒரு நீண்ட பட்டியல் வந்து நிற்கும். லிப் என்று தொடங்கி ஜாவா என்று முடியும் புரியாத பெயர்கள். 'இதெல்லாம் எதற்கு? வைரஸ் ஏதாவது சேர்ந்து வருகிறதா?' என்று பயந்து கேன்சல் பட்டனை அழுத்துகிறவர்கள் நிறைய பேர்.

பயப்பட வேண்டாம். அந்தப் பட்டியலுக்குப் பின்னால் பல வருட உழைப்பு இருக்கிறது. அது என்ன என்று தெரிந்து கொண்டால், எந்த சாஃப்ட்வேரை எங்கிருந்து எடுத்துப் போடுவது என்று நீங்களே முடிவு செய்யலாம்.

ஜார் என்பது ஒரு ஜிப் ஃபைல்தான்

முதலில் ஜாவாவைப் பற்றி நாலு வரி. 1995-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட கம்ப்யூட்டர் மொழி இது. மற்ற மொழிகளில் எழுதிய புரோகிராமை விண்டோஸுக்கு ஒருமுறை, லினக்ஸுக்கு ஒருமுறை என்று தனித்தனியே கம்பைல் செய்ய வேண்டும். ஜாவாவில் அப்படி இல்லை. கம்பைல் செய்தால் பைட்கோடு என்ற இடைநிலை வடிவம் கிடைக்கும். ஜாவா வர்ச்சுவல் மெஷின் என்ற சாஃப்ட்வேர் எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறதோ, அங்கெல்லாம் அந்த பைட்கோடு ஓடும்.

பைட்கோடு உள்ள ஃபைல்களுக்கு கிளாஸ் ஃபைல் என்று பெயர். (ஒரு வேடிக்கை: எல்லா ஜாவா கிளாஸ் ஃபைல்களின் முதல் நான்கு பைட்டுகளையும் ஹெக்ஸா எண்ணாகப் படித்தால் 'கஃபே பேப்' என்று வரும். ஜாவா என்பதே காபியின் பெயர் அல்லவா!) ஒரு புரோகிராமில் இப்படி நூற்றுக்கணக்கான கிளாஸ் ஃபைல்கள் இருக்கும். அவற்றை எல்லாம் சேர்த்துக் கட்டியதுதான் ஜார் ஃபைல். இது உண்மையில் ஒரு ஜிப் ஃபைல். நம்பிக்கை இல்லையென்றால் ஏதாவது ஒரு ஜார் ஃபைலை உங்கள் ஆர்க்கைவ் மேனேஜரில் திறந்து பாருங்கள். உள்ளே போல்டர்களும் கிளாஸ் ஃபைல்களும் தெரியும்.

இந்த வசதியே ஒரு பழக்கத்தையும் கொண்டு வந்தது. ஜாவா புரோகிராமர் எல்லாவற்றையும் தானே எழுதுவதில்லை. பிடிஎஃப் உருவாக்க ஒரு லைப்ரரி, படம் வரைய ஒரு லைப்ரரி, பிழைகளைப் பதிவு செய்ய ஒரு லைப்ரரி என்று மற்றவர்கள் எழுதிய ஜார்களை எடுத்துத் தன் புரோகிராமோடு சேர்த்துக் கொள்வார். கடைசியில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வெப்சைட்டில் போட்டு விடுவார். பலர் ஜாவாவையே அந்த மூட்டைக்குள் வைத்து விடுவார்கள். ஸ்வீட் ஹோம் 3டி வெப்சைட்டில் கிடைக்கும் பெரிய ஃபைல் அப்படிப்பட்ட மூட்டைதான்.

வெளியூர்க் கல்யாணத்துக்கு வரும் சமையல்காரர் தன் அண்டா, அடுப்பு, கரண்டி எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக் கொண்டு வருவது போல. அவருக்கு வசதி, நமக்கும் கவலை இல்லை. ஆனால் பத்து சமையல்காரர்கள் பத்து லாரியோடு உங்கள் வீட்டிலேயே தங்கி விட்டால்?

ஐந்து ஜாவா புரோகிராம்களை இப்படி இன்ஸ்டால் செய்தால் உங்கள் ஹார்ட்டிஸ்கில் ஐந்து ஜாவா இருக்கும். ஒரே லைப்ரரி ஐந்து இடங்களில், ஐந்து வேறு வெர்ஷன்களில் இருக்கும். இடம் போவது ஒரு பெரிய விஷயம் இல்லை. இன்றைய ஹார்ட்டிஸ்க் அதைத் தாங்கும். உண்மையான ஆபத்து வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

லினக்ஸ்காரர்களின் விதி

டெபியன் 1993-ல் தொடங்கிய டிஸ்ட்ரிபியூஷன். உபுண்டு, லினக்ஸ் மின்ட், சி-டாக் உருவாக்கிய நம் நாட்டு பாஸ் லினக்ஸ் எல்லாம் டெபியன் வழி வந்தவை. ஆகவே ஒரு ஜாவா பேக்கேஜை டெபியன்காரர்கள் எப்படிக் கட்டுகிறார்கள் என்பது இவை அனைத்தையும் பயன்படுத்துகிறவர்களைப் பாதிக்கிறது.

அங்கே மூட்டை கட்ட அனுமதி இல்லை. ஒவ்வொரு லைப்ரரியும் தனி பேக்கேஜாக இருக்க வேண்டும். அதன் ஜார் ஃபைல் ஒரு குறிப்பிட்ட போல்டரில் போய் உட்கார வேண்டும். யாருக்கெல்லாம் அந்த லைப்ரரி தேவையோ அவர்கள் எல்லோரும் அந்த ஒரே பிரதியைப் பயன்படுத்த வேண்டும். நீங்கள் பார்த்த நீண்ட பட்டியல் இதனால்தான் வருகிறது.

ஃபைல் மேனேஜரைத் திறந்து, ரூட் போல்டரிலிருந்து யு.எஸ்.ஆர். என்ற போல்டருக்குள் போய், அதில் ஷேர், அதற்குள் ஜாவா என்று செல்லுங்கள். ஏதாவது ஒரு ஜாவா புரோகிராமை ரிப்பாசிட்டரியிலிருந்து இன்ஸ்டால் செய்திருந்தால் அங்கே ஜார் ஃபைல்கள் வரிசையாக இருக்கும். பல பெயர்கள் இரண்டு முறை இருக்கும்: ஒன்றில் வெர்ஷன் எண் இருக்கும், மற்றொன்றில் இருக்காது. எண் இல்லாதது வெறும் ஷார்ட்கட் போன்ற லிங்க். புரோகிராம்கள் அந்த லிங்கைத்தான் தேடும். பின்னால் நிஜ ஃபைல் மாறினாலும் புரோகிராமுக்கு அது தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்த விதி இதைவிடக் கடுமையானது. சாஃப்ட்வேரை எழுதியவர் தயாராகத் தரும் ஜார் ஃபைலை அப்படியே எடுத்துப் பேக்கேஜில் வைக்கக் கூடாது. சோர்ஸ் கோடை எடுத்து, டெபியனில் ஏற்கெனவே உள்ள கருவிகளைக் கொண்டு, டெபியனின் கம்ப்யூட்டரிலேயே மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். அந்த நேரத்தில் இன்டர்நெட்டைத் தொடக் கூடாது.

ஏன் இந்தப் பிடிவாதம்? சோர்ஸ் கோடு இது, இதிலிருந்து வந்த ஜார் இது என்று ஒருவர் சொல்கிறார். இரண்டும் ஒன்றுதான் என்று நமக்கு எப்படித் தெரியும்? நாமே கம்பைல் செய்து பார்த்தால்தான் தெரியும். இன்று கம்பைல் ஆகிறது என்பது மட்டும் போதாது. மூன்று வருடம் கழித்து ஒரு பிழையைத் திருத்த வேண்டி வந்தால், அன்றும் இதே சோர்ஸ் கோடிலிருந்து கம்பைல் ஆக வேண்டும். இடையில் ஏதோ ஒரு வெப்சைட் மூடப்பட்டிருந்தால் கதை முடிந்தது.

இதற்கு ஒரு அடையாளத்தை உங்கள் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். சில ஜாவா பேக்கேஜ்களின் வெர்ஷன் எண்ணுக்குப் பின்னால் கூட்டல் குறி போட்டு டி.எஃப்.எஸ்.ஜி. என்ற எழுத்துகள் இருக்கும். டெபியனின் சுதந்திர மென்பொருள் விதிமுறைகளின் சுருக்கப் பெயர் அது. விதிக்குப் பொருந்தாதவற்றை நீக்கி, மூல ஆர்க்கைவை மறுபடி கட்டியிருக்கிறோம் என்று பொருள். ஜாவா புரோகிராம்களில் அப்படி நீக்கப்படுவது பெரும்பாலும் லிப் என்ற போல்டருக்குள் திணித்து வைத்த ரெடிமேட் ஜார்கள்தான்.

டவுன்லோடு செய்தே பழகிய கருவி

ஜாவா உலகில் மேவன் என்று ஒரு பில்டு கருவி உண்டு. இந்தப் புரோகிராமுக்கு இன்னின்ன லைப்ரரி வேண்டும் என்று ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலில் எழுதி வைத்தால் போதும். மேவன் தானே இன்டர்நெட்டில் உள்ள மேவன் சென்ட்ரல் கிடங்குக்குப் போய் எல்லா ஜார்களையும் இறக்கிக் கொள்ளும். அந்த லைப்ரரிகளுக்குத் தேவையான லைப்ரரிகளையும் சேர்த்து இறக்கும். புதிதாக ஒரு கம்ப்யூட்டரில் மேவனை முதன்முதலாக ஓட்டினால் திரையில் டவுன்லோடிங், டவுன்லோடிங் என்று ஓடிக் கொண்டே இருக்கும். டீ குடித்து விட்டு வரலாம்! ஆபீஸில் வேலை செய்யும் புரோகிராமர்களுக்கு இது பெரிய வரம்.

ஆனால் இன்டர்நெட்டைத் தொடாதே என்ற விதியோடு இது நேராக மோதுகிறது. டெபியனின் ஜாவா குழு இதற்கு ஒரு வழி செய்திருக்கிறது. இன்ஸ்டால் ஆன ஜாவா பேக்கேஜ்களையே ஒரு சிறிய மேவன் கிடங்கு போல ஹார்ட்டிஸ்கில் அடுக்கி வைத்து, வெளியே போகாதே, இங்கேயே எடுத்துக் கொள் என்று மேவனிடம் சொல்கிறார்கள். எக்ஸ்எம்எல் ஃபைலில் 2.3 வெர்ஷன்தான் வேண்டும் என்று எழுதியிருக்கும், டெபியனில் இருப்பது 2.8 ஆக இருக்கும். அதை மாற்றி எழுதவும் கருவி இருக்கிறது. மாற்றி எழுதிய பிறகு கம்பைல் ஆகுமா என்பது வேறு விஷயம். ஆகவில்லை என்றால் பேக்கேஜ் கட்டுகிறவர் உட்கார்ந்து புரோகிராமைத் திருத்த வேண்டும். இந்த வேலையைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள் என்பதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய தலைவலி கோழி-முட்டைக் கதை. கிரேடில் என்று இன்னொரு பில்டு கருவி. புதிய கிரேடிலைக் கம்பைல் செய்ய ஒரு பழைய கிரேடில் வேண்டும். அதோடு கோட்லின் என்ற மொழியின் கம்பைலரும் வேண்டும். கோட்லின் கம்பைலர் எழுதப்பட்டிருப்பதே கோட்லின் மொழியில். அதைக் கம்பைல் செய்ய ஒரு கோட்லினும் ஒரு கிரேடிலும் தேவை! எல்லாமே சோர்ஸிலிருந்து வர வேண்டும் என்று சொல்கிறவர்கள் இந்தச் சுழலுக்குள் எந்தப் பக்கமாக நுழைவது? 2023-ல் வந்த டெபியன் 12-ல் இருக்கும் கிரேடில் வெர்ஷன் 4.4.1. அது வெளியானது 2017 டிசம்பரில். அதே 2023-ல் கிரேடில் வெப்சைட்டில் வெர்ஷன் 8 கிடைத்துக் கொண்டிருந்தது.

பழைய வழக்கு ஒன்று

இத்தனையும் ஓப்பன் சோர்ஸ் ஜாவா கிடைத்த பிறகு வந்த தொல்லைகள். அதற்கு முன்னால் ஜாவாவே லினக்ஸ் டிஸ்ட்ரிபியூஷன்களுக்குள் நுழைய முடியாமல் இருந்தது.

சன் நிறுவனம் ஜாவாவை இலவசமாகக் கொடுத்தது. ஆனால் சோர்ஸ் கோடை சுதந்திரமாக மாற்றி வெளியிட லைசென்ஸ் இடம் தரவில்லை. ஆகவே ஒரு விசித்திர நிலைமை. ஒருவர் ஜாவாவில் ஒரு புரோகிராம் எழுதி, முழு சோர்ஸையும் ஜிபிஎல் லைசென்ஸில் கொடுத்தாலும், அதை ஓட்ட சன் ஜாவா தேவை என்பதால் டெபியனின் மெயின் பிரிவில் சேர்க்க முடியாது. கான்ட்ரிப் என்ற ஒதுக்குப்புறப் பிரிவில்தான் இடம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 2004-ல் இதை ஜாவாப் பொறி என்று குறிப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். புரோகிராம் சுதந்திரமாக இருந்தும் கால் கட்டப்பட்டிருக்கிறது என்பது அவருடைய வாதம்.

அதற்குப் பதிலாக ஜிசிஜே, காஃபே, குனு கிளாஸ்பாத் என்று பலர் தாங்களே ஒரு ஜாவாவை எழுத ஆரம்பித்தார்கள். பெரிய முயற்சி. 2005-ல் வந்த ஃபெடோரா கோர் 4, எக்லிப்ஸ் என்ற மிகப் பெரிய ஜாவா புரோகிராமை ஜிசிஜே கொண்டு கம்பைல் செய்து கொடுத்தது. ஆனால் எல்லாப் புரோகிராமும் அவற்றில் ஓடி விடவில்லை.

2006 நவம்பரில் சன் தன் ஜாவாவை ஜிபிஎல் லைசென்ஸில் தருவதாக அறிவித்தது. 2007 மே மாதம் ஓப்பன்ஜேடிகே வந்தது. அதிலும் எழுத்துருக்களை வரையும் பகுதி, ஒலிப் பகுதி போன்ற சில, வேறு நிறுவனங்களுக்குச் சொந்தமானவை என்பதால் சோர்ஸ் இல்லாமல் இருந்தன. ரெட் ஹேட் நிறுவனத்தார் ஐஸ்ட்டீ என்ற பெயரில் அந்த ஓட்டைகளை அடைத்தார்கள். 2008 ஜூனில், ஃபெடோரா 9-ல் உள்ள அவர்கள் ஜாவா, சன் வைத்திருந்த பரீட்சை முழுவதிலும் தேறியது. 2009-ல் வந்த டெபியன் 5-ல் ஓப்பன்ஜேடிகே மெயின் பிரிவிலேயே இடம் பிடித்து விட்டது. ஒதுக்குப்புறத்தில் இருந்த பல ஜாவா புரோகிராம்கள் வீட்டுக்குள் வந்தன.

2010-ல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. டிஸ்ட்ரிபியூஷன்கள் சன் ஜாவாவை அப்படியே விநியோகிக்க 2006 முதல் இருந்த தனி லைசென்ஸை 2011-ல் நிறுத்தியது. அதற்குள் ஓப்பன்ஜேடிகே தயாராக இருந்ததால் நம்மைப் போன்ற வீட்டு உபயோகக்காரர்களுக்குப் பெரிதாகப் பாதிப்பில்லை. சோர்ஸ் கையில் இருப்பதன் அருமை அப்போதுதான் பலருக்கும் புரிந்தது என்று நினைக்கிறேன்.

2021 டிசம்பரில் நடந்தது

இப்போது முன்பு சொன்ன ஆபத்துக்கு வருவோம்.

லாக்4ஜே என்பது ஒரு ஜாவா லைப்ரரி. புரோகிராம் ஓடும்போது நடப்பதை எல்லாம் ஒரு ஃபைலில் குறித்து வைப்பது மட்டுமே அதன் வேலை. கடையில் கணக்குப்பிள்ளை நோட்டில் எழுதுவது போல. கண்ணுக்கே தெரியாத வேலை என்பதால் அது எங்கெங்கே இருக்கிறது என்று யாரும் கவனித்ததில்லை.

2021 டிசம்பர் 9-ம் தேதி அதில் இருந்த ஒரு ஓட்டை உலகத்துக்குத் தெரிந்தது. குறித்து வைக்கும் வரியில் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் இன்டர்நெட் முகவரி இருந்தால், லாக்4ஜே அதை வெறும் எழுத்தாக எழுதாமல், அந்த முகவரிக்குப் போய் அங்கிருந்து புரோகிராமை எடுத்து வந்து ஓட்டி விடும்! மைன்கிராஃப்ட் கேமில் சாட் செய்யும் இடத்தில் ஒரு வரி டைப் செய்தே சர்வரைக் கைப்பற்ற முடிந்தது. ஓட்டைகளின் கடுமையை அளக்கும் மதிப்பெண்ணில் இதற்கு 10-க்கு 10. இதற்கு வைத்த பெயர் லாக்4ஷெல்.

லாக்4ஜே குழு 2.15.0 வெர்ஷனில் திருத்தியது. அது போதவில்லை. அதே மாதத்துக்குள் 2.16.0, 2.17.0, 2.17.1 என்று அடுத்தடுத்து வெளியிட வேண்டி வந்தது.

இப்போது மூட்டைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐந்து புரோகிராம்கள் தங்கள் மூட்டைக்குள் ஐந்து லாக்4ஜே வைத்திருந்தால், ஐந்து பேரும் புது வெர்ஷன் வெளியிட வேண்டும். அதுவும் ஒரே மாதத்தில் மூன்று நான்கு முறை. அதில் ஒருவர் தன் புரோகிராமைக் கவனிப்பதை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தால்? ஜாருக்குள் ஜார், அதற்குள் ஜார் என்று வைத்திருந்தவர்களும் உண்டு. வெளியே பெயரைப் பார்த்தால் உள்ளே லாக்4ஜே இருப்பதே தெரியாது. பெரிய கம்பெனிகளில் புரோகிராமர்கள் அந்த டிசம்பரில் சர்வர் சர்வராகத் தேடிக் கொண்டிருந்தார்கள். அப்போதைய அவசர வைத்தியங்களில் ஒன்று, ஜார் ஃபைலை ஜிப் கருவியால் திறந்து, குற்றவாளியான அந்த ஒரு கிளாஸ் ஃபைலை மட்டும் நீக்கி விடுவது! ஜார் என்பது ஜிப்தானே.

டெபியனில் என்ன நடந்தது? லாக்4ஜே 2 அங்கே ஒரே ஒரு பேக்கேஜ். செய்தி வெளியான இரண்டே நாளில், டிசம்பர் 11-ம் தேதி, திருத்திய பேக்கேஜ் வெளிவந்தது. வழக்கமான அப்டேட்டை ஓட்டியவர்களின் கம்ப்யூட்டரில் அந்த ஒரு ஜார் மாறியது. ரிப்பாசிட்டரியிலிருந்து வந்து அதைப் பயன்படுத்தும் புரோகிராம்கள் எல்லாம், மூடித் திறந்ததும், திருத்திய பிரதியைப் பயன்படுத்தத் தொடங்கின. பயன்படுத்துகிறவருக்கு லாக்4ஜே என்ற பெயரே தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அந்த நீண்ட பட்டியலைப் பார்த்து கேன்சல் அழுத்த வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான்.

எல்லாமே லாபமா?

இல்லை. இந்த விதிகளுக்கு ஒரு விலை இருக்கிறது, அதை மறைப்பது நியாயம் இல்லை.

ஒரே பிரதி என்றால் எல்லோரும் அந்த ஒரே வெர்ஷனோடு ஒத்துப் போக வேண்டும். ஜாவாவே ஒரு வெர்ஷன் நகரும்போது பெரும் வேலை வந்து விடும். 2017 செப்டம்பரில் வந்த ஜாவா 9, தன் வெர்ஷன் எண்ணைச் சொல்லும் முறையை மாற்றியது. அதுவரை 1.8 என்று சொல்லி வந்தது, இனி 9 என்று மட்டும் சொன்னது. முதலில் ஒன்றும் புள்ளியும் இருக்கும் என்று நம்பி எழுதிய புரோகிராம்கள் தடுமாறின. 2018-ல் வந்த ஜாவா 11, கூடவே கொடுத்து வந்த சில பகுதிகளை நீக்கி விட்டது. அவற்றை எல்லாம் தனி பேக்கேஜாக்கிச் சேர்க்க வேண்டியிருந்தது. ஆள் பற்றாத இடத்தில் சில பேக்கேஜ்கள் விழுந்து விடும். எக்லிப்ஸ் அப்படித்தான் போனது. 2017-ல் வந்த டெபியன் 9-ல் எக்லிப்ஸின் 2012-ம் வருட வெர்ஷன்தான் இருந்தது. 2019-ல் வந்த டெபியன் 10-ல் அதுவும் இல்லை.

ஆகவே என் கருத்து இது. பிளான் வரைவது, ஃப்ரீபிளேன் போன்ற மைண்ட் மேப் புரோகிராம், லிப்ரே ஆபீஸின் பேஸ் டேட்டாபேஸ் போன்ற அன்றாட வேலைகளுக்கு ரிப்பாசிட்டரியில் உள்ளதே நல்லது. ஒரு வருடம் பழைய வெர்ஷனாக இருப்பதால் வீட்டு பிளானில் சுவர் கோணிப் போகாது. புரோகிராம் எழுதப் பழகும் மாணவர் என்றால் எக்லிப்ஸ் போன்ற கருவியை அதன் வெப்சைட்டிலிருந்தே எடுக்கலாம். புதிய வெர்ஷன் அங்கே அவசியம். ஃபிளாட்பேக், ஸ்நாப் என்ற புது வகை பேக்கேஜ்களும் மூட்டை வகையைச் சேர்ந்தவைதான். அவற்றை வெளியிடுகிறவர் விடாமல் அப்டேட் செய்கிறாரா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

புரோகிராம் திறக்கவில்லையா?

ஐகானைக் கிளிக் செய்தால் ஒன்றுமே நடக்கவில்லை என்பது ஜாவா புரோகிராம்களில் அடிக்கடி வரும் புகார். ஐகானை விட்டு விட்டு, டெர்மினலைத் திறந்து, அங்கே புரோகிராமின் பெயரை டைப் செய்து என்டர் தட்டுங்கள். காரணம் எழுத்தில் வரும்.

அந்தச் செய்தியில் கிளாஸ் ஃபைல் வெர்ஷன் 61.0 என்பது போல ஒரு எண் இருந்தால், அதிலிருந்து 44-ஐக் கழியுங்கள். 17 வரும். அதாவது புரோகிராமுக்கு ஜாவா 17 தேவை. 65 என்றால் ஜாவா 21, 55 என்றால் ஜாவா 11, 52 என்றால் ஜாவா 8. உங்களிடம் இருப்பது அதைவிடப் பழைய ஜாவா என்பதே பிரச்னை. டெபியன் 11-ல் வழக்கமாகக் கிடைக்கும் ஜாவா 11, டெபியன் 12-ல் 17, டெபியன் 13-ல் 21.

ஜாவா இருந்தும் விண்டோ திறக்கவில்லை என்றால் சினாப்டிக்கில் ஓப்பன்ஜேடிகே என்று தேடிப் பாருங்கள். பெயரின் கடைசியில் ஹெட்லெஸ் என்று இருப்பது மட்டும் இன்ஸ்டால் ஆகியிருக்கலாம். அது மானிட்டர் இல்லாத சர்வர்களுக்கானது, திரையில் விண்டோ வரையும் பகுதி அதில் இருக்காது. ஹெட்லெஸ் என்ற சொல் இல்லாத ஜேஆர்இ பேக்கேஜையும் சேர்த்து இன்ஸ்டால் செய்தால் சரியாகும்.

புரோகிராம் திறக்கிறது, ஆனால் தமிழில் டைப் செய்தால் கட்டம் கட்டமாக வருகிறதா? அது ஜாவாவின் குற்றம் இல்லை, தமிழ் எழுத்துரு இல்லாததுதான் காரணம். சினாப்டிக்கில் லோஹித் என்று தேடி, தமிழுக்கான பேக்கேஜைப் போட்டு, புரோகிராமை மூடித் திறங்கள். ஜாவா 9-லிருந்து எழுத்துகளைக் கோத்து அமைக்கும் வேலையை ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரி செய்கிறது. லிப்ரே ஆபீஸும் ஃபயர்ஃபாக்ஸும் பயன்படுத்துவது அதையேதான். ஆகவே கொ, கோ, கௌ எல்லாம் அங்கே வருவது போலவே இங்கும் ஒழுங்காக வரும்.

கடைசியாக ஒன்று. வெப்சைட்டில் கிடைக்கும் டெப் ஃபைல்கள் எல்லாம் டெபியன் விதிப்படி கட்டியவை அல்ல. 2021 மார்ச்சில் வந்த ஜாவா 16 முதல், ஜேபேக்கேஜ் என்ற கருவி ஜாவாவோடு சேர்ந்தே வருகிறது. அதைக் கொண்டு எந்தப் புரோகிராமரும் தன் மூட்டையை, ஜாவாவையும் உள்ளே வைத்து, ஒரு டெப் ஃபைலாக மாற்றி விடலாம். டபுள் கிளிக் செய்தால் மற்ற பேக்கேஜ் போலவே இன்ஸ்டால் ஆகும், வித்தியாசம் தெரியாது. கண்டுபிடிக்க, சினாப்டிக்கில் அந்த பேக்கேஜின் பிராப்பர்ட்டீஸ் விண்டோவைத் திறந்து இன்ஸ்டால் ஆன ஃபைல்களின் பட்டியலைப் பாருங்கள். எல்லாம் ஓ.பி.டி. என்ற போல்டருக்குள் போயிருந்து, அதில் ரன்டைம் என்ற போல்டரும் இருந்தால் அது மூட்டைதான். அதை வைத்துக் கொள்வதில் தவறில்லை. ஆனால் உங்கள் வழக்கமான சிஸ்டம் அப்டேட் அதற்குள் இருக்கும் ஜாவாவையும் லைப்ரரிகளையும் தொடாது. சிஸ்டத்தில் உள்ள ஓப்பன்ஜேடிகேவுக்கு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் பாதுகாப்புத் திருத்தங்கள் வருகின்றன. அந்த மாதங்களில் ஒருமுறை, மூட்டையாக வந்த புரோகிராமின் வெப்சைட்டுக்கும் போய்ப் புது வெர்ஷன் இருக்கிறதா என்று பார்த்து விடுங்கள்.